நகோயாவின் 1989 டிசைன் கண்காட்சி: 30 வருடத்தில் என்ன மிச்சம்?

கால்வாய்க்கரை | 20 நவம்பர் 2019

நகோயாவுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. ஹிபினோ மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். அங்கிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் சர்வதேச மாநாட்டு மையம். அதன் முற்றத்தில் ஒரு குதிரை நிற்கிறது, 8 மீட்டருக்கு மேல் உயரம். இத்தனை வருடமும் ஏதோ அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கடந்து போயிருக்கிறேன்.

போன வாரம்தான் அதன் கதை தெரிந்தது. லியனார்டோ டா வின்சி மிலான் நகரத்துக்காகச் செய்யத் திட்டமிட்ட குதிரை அது. அவர் களிமண்ணில் முழு அளவு மாதிரி செய்துவிட்டார். வார்ப்பதற்குச் சேர்த்து வைத்த வெண்கலம் 1494 இல் பீரங்கி செய்யப் போய்விட்டது. 1499 இல் ஊருக்குள் வந்த பிரெஞ்சுப் படையின் வில்லாளிகள் அந்தக் களிமண் குதிரையைக் குறி பார்த்து அடித்துப் பழகி உடைத்தார்கள். இப்படி ஒருநாளும் வார்க்கப்படாமல் போன குதிரையை 1989 இல் நகோயா ஃபைபரில் செய்து நிறுத்தியது. எதற்காக? உலக டிசைன் கண்காட்சிக்காக.

1989 ஜூலை 15 முதல் நவம்பர் 26 வரை 135 நாள் நடந்திருக்கிறது. ஊருக்குள்ளேயே மூன்று இடங்கள்: நகோயா கோட்டை, ஷிரோதோரி, துறைமுகம். வந்தவர்கள் எண்ணிக்கை 1 கோடியே 51 லட்சம் என்கிறார்கள். அன்று ஊரின் மக்கள்தொகையே 21 லட்சம் சொச்சம்தான்.

வருகிற 26 ஆம் தேதியோடு அது முடிந்து 30 வருடம். என்னோடு வேலை செய்யும் இளைஞர்களிடம் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கேட்டால் முகமே மாறுகிறது, "டிசைன் ஹாக்கு!" (ஹாக்கு என்றால் கண்காட்சி) என்று சிரிக்கிறார்கள். ஆனால் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், வரிசையில் நின்றதைத்தான் சொல்கிறார்கள்.

இவ்வளவு பெரிய கூத்து நடந்ததில் ஊருக்கு உருப்படியாக என்ன மிஞ்சியது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சும்மாவந்தவன் | 20 நவம்பர் 2019

இது அந்த மாமத் யானை காட்டிய எக்ஸ்போதானே? என் மாமா போயிருந்தார். சைபீரியாவில் பனிக்குள் கிடந்த யானைத் தலையைப் பார்த்ததாக இன்றைக்கும் எல்லாக் கல்யாணத்திலும் சொல்வார்.

---

கால்வாய்க்கரை | 20 நவம்பர் 2019

இல்லை நண்பரே, மாமா பார்த்தது 2005 ஐச்சி எக்ஸ்போ. அது நகரத்துக்கு வெளியே நாககுதே, செதோ பக்கம் நடந்தது. பாரிஸில் இருக்கும் சர்வதேசக் கண்காட்சிகள் அலுவலகத்தின் அங்கீகாரம் பெற்ற உலகக் கண்காட்சி அது. நான் சொல்வது அதற்கும் 16 வருடம் முன்னால். 'உலக' என்று பெயர் வைத்துக்கொண்டாலும் அடிப்படையில் ஒரு மாநகராட்சி தன் பிறந்தநாளுக்கு நடத்திய விழா.

ஜப்பானில் நகராட்சி முறை வந்தது 1889 இல். அதனால் 1989 இல் பல ஊர்களுக்கு ஒரே நேரத்தில் நூறு வயது. யோகோஹாமா ஒரு கண்காட்சி நடத்தியது, ஃபுகுவோக்கா ஒன்று நடத்தியது, நகோயா இதை நடத்தியது. ஃபுகுவோக்கா கோபுரமும் யோகோஹாமாவின் பெரிய ராட்டினமும் அந்த வருடத்துப் பிள்ளைகள்தான். கையில் பணம் புரண்ட காலம். டோக்கியோ பங்குச் சந்தைக் குறியீடு அந்த டிசம்பர் 29 அன்று 38,915 இல் உச்சம் தொட்டது, அதற்கப்புறம் இறங்குமுகம்தான். இந்தக் கண்காட்சி மூடியது அதற்கு ஒரு மாதம் முன்பு. கல்யாணப் பந்தல் பிரித்த மறுமாதமே வீட்டில் சீட்டுப் பணம் திவாலான கதை.

---

நங்கூரம்58 (தூத்துக்குடி) | 20 நவம்பர் 2019

தம்பி, நான் போயிருக்கிறேன். 1989 அக்டோபர். கார் ஏற்றும் கப்பலில் நான்காம் எஞ்சினியராக இருந்தேன். நகோயாத் துறைமுகத்தில் ஒருநாள் கரைக்கு இறங்க அனுமதி கிடைத்தது. கண்காட்சிக்கென்று திட்டம் போட்டுப் போகவில்லை. டேப் ரிக்கார்டர் வாங்கத்தான் கிளம்பினோம். கூட்டம் எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம் நாங்களும் போனோம்.

உங்கள் சக ஊழியர்கள் சொன்னது சரிதான். எனக்கும் வரிசைதான் ஞாபகம். மஞ்சள் தொப்பி போட்ட பள்ளிப் பிள்ளைகள் நூல் பிடித்த மாதிரி நின்றார்கள். உள்ளே போனால் பெரிய திரையில் படம் ஓடும், ஒன்றும் புரியாது, வெளியே வந்தால் அடுத்த வரிசை. டெபோ சான் என்று ஒரு பொம்மை, அதுதான் கண்காட்சியின் சின்னப் பிள்ளை. எங்கு திரும்பினாலும் அதன் முகம்.

ஆனால் இரண்டு விஷயம் மனதில் நின்றுவிட்டது. ஒன்று, துறைமுகத்தில் நிரந்தரமாகக் கட்டிப் போட்டிருந்த ஆரஞ்சு நிறப் பழைய அண்டார்டிக் கப்பல் ஃபூஜி. அதன் எஞ்சின் அறையைப் பார்க்கவிட்டார்கள். நான் பார்த்த ஒரே 'டிசைன்' அதுதான் என்று இப்போதும் சொல்வேன்! இரண்டாவது, ஒரு யென் காசுகள். அந்த ஏப்ரலில்தான் 3 சதவீத விற்பனை வரி போட்டிருந்தார்கள். எதை வாங்கினாலும் மீதியாக அலுமினியக் காசு கை நிறைய. ஊதினால் பறக்கும். ஒரு பை நிறைய ஊருக்குக் கொண்டுவந்து பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்தேன்.

கனயாமா நிலையம் அப்போது புத்தம் புதுசு. பெயிண்ட் வாசனை அடித்தது.

---

கால்வாய்க்கரை | 20 நவம்பர் 2019

ஐயா, அந்த 3 சதவீதம் போன மாதம் 10 ஆகிவிட்டது. கனயாமா பற்றிய உங்கள் ஞாபகம் அச்சு அசல். ஜேஆர், மெய்தெட்சு ரயில் நிறுவனங்கள், மெட்ரோ மூன்றையும் ஒரே கூரைக்குள் சேர்த்தது 1989 ஜூலை 9, அதாவது கண்காட்சி திறப்பதற்கு ஆறு நாள் முன்பு. நான் தினமும் அங்கேதான் ரயில் மாறுகிறேன். நேர்மையாகச் சொன்னால், அந்த 135 நாளில் காட்டிய எல்லாவற்றையும்விட அந்த நிலையம்தான் இன்றைக்கு மக்களுக்குப் பயன்படுகிறது. கண்காட்சிக்காகவே கட்டினார்கள் என்று சொல்ல வரவில்லை. பெரிய விழா ஒன்று தேதி குறித்துவிட்டால் இழுத்துக்கொண்டே கிடக்கும் வேலைகளும் முடிந்துவிடும் அல்லவா, அதைச் சொல்கிறேன்.

---

செங்கல் (கட்டிடக்கலை) | 21 நவம்பர் 2019

இழையைத் தொடங்கியவரின் பெயரே கால்வாய்க்கரை. ஆனால் கால்வாயைப் பற்றி ஒரு வார்த்தை காணோமே? வரைபடத்தை எடுத்து அந்த மூன்று இடங்களையும் புள்ளி வைத்துப் பாருங்கள். கோட்டை, ஷிரோதோரி, துறைமுகம். மூன்றையும் கோத்துக்கொண்டு போவது ஹோரிகாவா. நகோயாவின் பிறப்பே அந்தக் கால்வாயில்தான் இருக்கிறது.

1610 இல் தொகுகவா இயேயாசு கோட்டை கட்ட ஆணையிட்டார். கியோசு என்ற பழைய ஊரையே வீடு, கோயில், கடையோடு பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். மேட்டில் கோட்டை, ஆறேழு கிலோமீட்டர் தெற்கே அட்சுதாவில் கடல். நடுவில் கல்லும் மரமும் உப்பும் அரிசியும் வர வழி வேண்டுமே. ஃபுகுஷிமா மசனோரி என்ற பிரபுவிடம் அந்த வேலையை ஒப்படைத்தார்கள். அவர் வெட்டியதுதான் ஹோரிகாவா.

அந்தக் கால்வாயின் கடல் வாசலில் இருந்த மரக்கிட்டங்கிதான் ஷிரோதோரி. கிசோ மலையில் வெட்டிய ஹினோகி (ஜப்பான் சைப்ரஸ்) மரங்கள் ஆற்றில் மிதந்து கடலுக்கு வந்து, அங்கிருந்து இந்தக் குளங்களுக்கு வந்து சேரும். அந்த மலைக்காடு முழுக்க நகோயாவை ஆண்ட ஓவாரி அரசுக்குச் சொந்தம். ஒரு மரத்தைத் திருட்டுத்தனமாக வெட்டினால் ஒரு தலை போகும் என்று சொலவடையே இருந்தது. அவ்வளவு விலை மதிப்புள்ள மரம் ஊறிக் கிடந்த தண்ணீருக்கு மேல்தான் 1989 இன் கண்காட்சி அரங்குகள் எழுந்தன.

இடம் ஏன் காலியானது என்பதற்கும் காரணம் உண்டு. 1959 செப்டம்பர் 26, இசே வளைகுடாப் புயல். 5,000 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். துறைமுகக் குளங்களில் மிதந்த பெரிய பெரிய மரத்தண்டுகள் வெள்ளத்தோடு குடியிருப்புகளுக்குள் புகுந்து வீடுகளை இடித்தன. தண்ணீரால் செத்தவர்களோடு மரம் மோதிச் செத்தவர்களும் உண்டு. அப்புறம் மரத்துக்கென்று துறைமுகத்தின் மேற்குக் கோடியில் தனி இடம் கட்டினார்கள். ஊருக்கு நடுவில் இருந்த பழைய மரக்குளத்துக்கு வேலை போனது.

இதை வைத்துப் பார்த்தால், கண்காட்சியிலேயே சிறந்த டிசைன் எந்த அரங்கிலும் இல்லை. ஊர் ஓரத்தில் ஒரு பொட்டல் காட்டைப் பிடித்து மேளா போடாமல், கால்வாயின் தலை, தொண்டை, வாய் என்று மூன்று இடம் பிடித்தார்களே, அந்த முடிவுதான். ஐச்சி எக்ஸ்போவுக்கு முதலில் ஒரு காட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே ஒரு வகை வல்லூறின் கூடு இருப்பது தெரிந்து, எதிர்ப்பு கிளம்பி, பெரும்பகுதியை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. 1989 இல் அந்தத் தொல்லையே இல்லை. ஊரின் முதுகெலும்பிலேயே போட்டார்கள்.

---

சும்மாவந்தவன் | 21 நவம்பர் 2019

ஐயோ, புல்லரிக்கிறது. போட்டவர்கள் கால்வாயை நினைத்துப் போட்டார்களா, இல்லை காலி நிலம் அங்கேதான் இருந்ததா?

---

செங்கல் | 21 நவம்பர் 2019

இரண்டும் இருக்கலாம், யார் வேண்டாம் என்றது? நல்ல கட்டிடக்காரன் காலி நிலத்தைப் பார்த்ததும் அது ஏன் காலியாக இருக்கிறது என்று முதலில் கேட்பான்.

இன்னொன்று. கண்காட்சி முடிந்து இரண்டு வருடம் கழித்து, 1991 இல், அங்கே ஷிரோதோரி தோட்டம் திறந்தார்கள். அதில் ஒரு குன்று, அது ஒண்டாக்கே மலை. அதிலிருந்து ஓடும் ஓடை கிசோ ஆறு. கீழே இருக்கும் குளம் இசே வளைகுடா. மரம் வந்த பாதையையே தோட்டமாகச் செய்து, மரம் கிடந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். இதைச் செய்தவர்களுக்குக் கால்வாய் நினைவில்லாமல் இருந்திருக்குமா?

---

தறிக்காரி | 21 நவம்பர் 2019

எனக்கு அடிப்படையான கேள்வி ஒன்று. நகோயா ஏன் டிசைனைப் பிடித்துக்கொண்டது? துணித் தொழிலில் இருப்பவளுக்கு அரிமட்சு முடிச்சுச் சாயத்தால் அந்த ஊர் பழக்கம். மற்றவர்களுக்கு அது டொயோட்டா ஊர். டிசைன் என்றால் கியோத்தோ, டோக்கியோ என்றுதானே யாரும் சொல்வார்கள்?

---

கால்வாய்க்கரை | 21 நவம்பர் 2019

அக்கா, அதில் கொஞ்சம் மானப் பிரச்சினை இருக்கிறது என்பது என் கணிப்பு.

1981 செப்டம்பர் 30 அன்று பாடன் பாடன் நகரில் 1988 ஒலிம்பிக்கை எந்த ஊருக்குக் கொடுப்பது என்று வாக்கெடுத்தார்கள். நகோயாதான் ஜெயிக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். முடிவு சியோல் 52, நகோயா 27. ஊரே கூடிக் கொண்டாடத் தயாராக இருந்த நேரத்தில் இப்படி. நூற்றாண்டு வேறு வருகிறது, ஏதாவது பெரிதாகச் செய்தாக வேண்டும்.

டிசைனைத் தேர்ந்தெடுத்ததற்குத் தொழில் காரணமும் உண்டு. கார், தறி, தையல் இயந்திரம், பீங்கான் எல்லாம் இந்த வட்டாரத்துச் சரக்கு. நொரிதாகே பீங்கான் 1904 இல் இங்கே தொடங்கியது. செதோ மண்பாண்டம் அதற்கும் பல நூற்றாண்டு மூத்தது. பொருள் செய்யத் தெரியும், ஆனால் அதை அழகு என்று யாரும் சொல்லவில்லை. ஜப்பான் அரசும் 1989 ஐ 'டிசைன் ஆண்டு' என்று அறிவித்தது. அந்த ஜூன் மாதம் மாநகராட்சி தன்னை டிசைன் நகரம் என்று பிரகடனம் செய்துகொண்டது. அக்டோபரில் உலகத் தொழில்துறை வடிவமைப்பாளர் அமைப்புகளின் மாநாடும் இங்கேதான் நடந்தது. நங்கூரம் ஐயா கப்பலில் இருந்து இறங்கிய அதே மாதம்.

கென்ஜி எகுவான் இதில் முக்கியப் பங்கு வகித்தவர். பெயர் தெரியாவிட்டாலும் அவர் கைவேலை உங்கள் எல்லாருக்கும் தெரியும். சிவப்பு மூடி போட்ட சிறிய சோயா சாஸ் குப்பி, 1961 இல் அவர் வடிவமைத்தது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த பிறகு ஊர் இருந்த கோலத்தைப் பார்த்தவர், கோயில் குடும்பத்துப் பிள்ளை, துறவுப் பயிற்சியும் பெற்றவர். எல்லாம் சாம்பலான இடத்தில் நின்றவருக்கு ஒரு பொருளின் அருமை தெரியாமல் இருக்குமா என்று நான் யோசித்ததுண்டு.

---

வக்கீல்குமாஸ்தா | 22 நவம்பர் 2019

மிச்சம் என்ன என்று கேட்டீர்கள். எல்லாரும் குதிரை, தோட்டம் என்கிறீர்கள். நான் ஜப்பான் சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லாரும் படிக்கும் மிச்சத்தைச் சொல்கிறேன். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, 2004 ஜூலை 13.

கண்காட்சியை நடத்த ஒரு சங்கம் அமைத்தார்கள். அதன் தலைவர் யார்? நகோயா மேயர். கண்காட்சி முடிந்ததும் அரங்கில் இருந்த கட்டுமானங்கள், சாமான்கள் எல்லாம் சங்கத்தின் கையில் இருந்தன. அவற்றை வாங்கியது யார்? நகோயா மாநகராட்சி. அதன் தலைவர் யார்? அதே மேயர்.

அதாவது விற்பவர் பக்கமும் வாங்குபவர் பக்கமும் ஒரே மனிதர். நஷ்டத்தை மறைக்கத்தான் மாநகராட்சி தேவையில்லாத சாமான்களை வாங்கியது என்று குடியிருப்பாளர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். அந்த நாட்டில் ஊர்க்காரர் எவரும் ஊர்ப் பணம் தவறாகச் செலவானது என்று நீதிமன்றம் போகலாம். ஜெயித்தால் பணம் அவர் பைக்கு வராது, ஊர் கஜானாவுக்குத்தான் போகும். பைசா லாபமில்லாத வழக்கு. கீழ் நீதிமன்றங்களில் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது.

உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. ஒன்று, ஒரே ஆள் இரு தரப்புக்கும் பிரதிநிதியாக ஒப்பந்தம் போடக்கூடாது என்ற சிவில் சட்டத்தின் 108 ஆம் பிரிவு மேயருக்கும் பொருந்தும். இரண்டு, ஆனால் மாநகர மன்றம் பிற்பாடு அதை ஏற்றுக்கொண்டால் ஒப்பந்தம் செல்லும். சங்கம் என்பதே மாநகராட்சியின் வேலையைச் செய்யத்தான் அமைக்கப்பட்டது, அதனால் அதன் செலவை மாநகராட்சி ஏற்கவேண்டிய உறவு இருந்ததா என்றும் பார்க்கச் சொல்லி, கீழ்த் தீர்ப்பை ரத்து செய்து திருப்பி அனுப்பியது.

கண்காட்சி நடந்தது 135 நாள். வழக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு வரும்போது கண்காட்சி முடிந்து கிட்டத்தட்ட 15 வருடம்.

---

சும்மாவந்தவன் | 22 நவம்பர் 2019

ஆக, மேயர் சுருட்டிவிட்டார்.

---

வக்கீல்குமாஸ்தா | 22 நவம்பர் 2019

அப்படி யாரும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். அவர் பையில் ஒரு யென்கூடப் போகவில்லை. வழக்கு ஊழல் பற்றியதே இல்லை, கணக்கின் ஒழுங்கு பற்றியது. நஷ்டம் வந்தால் நஷ்டம் என்று எழுதி, மன்றத்தில் வைத்து, மானியம் கேட்டு வாங்கியிருக்கலாம். பழைய சாமான் விற்பனை என்ற பெயரில் ஏன் சுற்றி வந்தீர்கள் என்பதுதான் கேள்வி. ஊர்த் திருவிழா முடிந்து கணக்கு வாசிக்கும்போது "பந்தல் கம்பு விற்ற வரவு" என்று ஒரு வரி வருமே, வாங்கியதும் கோயில்தான் என்று கடைசியில் தெரியுமே, அந்த மாதிரி.

---

நங்கூரம்58 | 22 நவம்பர் 2019

எங்கள் ஊர்த் திருவிழாக் கணக்கை இவர் எங்கே பார்த்தார்?

---

கால்வாய்க்கரை | 22 நவம்பர் 2019

வக்கீல் சார், இதைப் படித்துவிட்டு இன்று அந்த மையத்தைத் தாண்டும்போது குதிரையை வேறு மாதிரி பார்த்தேன். உன்னை யார் யாரிடம் விற்றார்கள் என்று கேட்கத் தோன்றியது.

ஒரு விஷயம் மட்டும் மறுப்பாகச் சொல்கிறேன். மிச்சமான கட்டிடம் வீண் போகவில்லை. ஷிரோதோரி அரங்கம்தான் மாநாட்டு மையமாக வளர்ந்தது. அதன் பெரிய மண்டபத்தில் 3,000 பேர் உட்காரலாம். 2010 அக்டோபரில் உயிரியல் பல்வகைமை உடன்படிக்கையின் 10 ஆவது மாநாடு அங்கேதான் நடந்தது. நகோயா நெறிமுறை என்று நம் ஊர்ச் சட்டக்காரர்களும் மூலிகைக்காரர்களும் சொல்கிறார்களே, அது பிறந்தது அந்த வளாகத்தில்தான்.

---

பொதிகை_அடிவாரம் | 22 நவம்பர் 2019

வழக்கமாக நான் இந்தப் பகுதிக்கு வருவதில்லை, நெறிமுறை என்ற சொல் இழுத்து வந்தது. ஓரிடத்துச் செடியையும் அந்த மக்களின் அறிவையும் வைத்து யாராவது சம்பாதித்தால் பலனில் அவர்களுக்கும் பங்கு வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் காணி மக்களின் ஆரோக்கியப்பச்சை விஷயத்தில் இதற்கு முன்னோடியாக ஒரு பங்கீடு 1990களிலேயே நடந்தது. உலக அளவில் மேற்கோள் காட்டுவார்கள். அதிலும் யாருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது தனிக் கதை, இங்கே எழுதினால் விடிந்துவிடும்.

---

நெறியாளர் | 22 நவம்பர் 2019

ஆரோக்கியப்பச்சைக்குத் தனி இழை போடுங்கள், நானே முதலில் வருகிறேன். இங்கே நகோயாவோடு நிற்போம்.

---

தறிக்காரி | 23 நவம்பர் 2019

நகோயாவோடே நிற்கிறேன். கோட்டைக்கு வருகிறேன், அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

2017 இல் என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி. நகோயாக் கோட்டை 1945 மே 14 அன்று குண்டுவீச்சில் எரிந்தது. இப்போது நிற்பது 1959 இல் கான்கிரீட்டில் கட்டியது. பழமை விரும்பிகள் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். ஆனால் அதில் லிஃப்ட் இருந்தது, வெளிப்புறத்திலேயே ஒன்று வைத்திருந்தார்கள். அம்மா மேலே போய் ஊரைப் பார்த்தார்கள்.

போன வருடம் மே மாதம் நிலநடுக்கத்துக்குத் தாங்காது என்று கோட்டைக் கோபுரத்தை மூடிவிட்டார்கள். அதை இடித்துவிட்டுப் பழைய மாதிரி மரத்திலேயே கட்டப்போகிறார்களாம். அசலுக்கு விரோதம் என்பதால் லிஃப்ட் கிடையாது என்று மாநகராட்சி அறிவித்தது. மாற்றுத்திறனாளி அமைப்புகள் தெருவுக்கு வந்து போராடின. வேறு புதிய தொழில்நுட்பம் பார்ப்போம் என்று இப்போது சொல்கிறார்கள்.

30 வருடத்துக்கு முன் டிசைன் நகரம் என்று அறிவித்துக்கொண்ட ஊர். 2008 இல் யுனெஸ்கோ அதே பெயரில் பட்டம் கொடுத்த ஊர். கண்காட்சி நடந்த மூன்று இடத்தில் ஒன்று அந்தக் கோட்டை. அங்கே என் அம்மா ஏறுவதா வேண்டாமா என்பது டிசைன் கேள்வி இல்லையா?

---

செங்கல் | 23 நவம்பர் 2019

அக்கா, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் மரத்தில் கட்டுவதை நான் ஆதரிக்கிறவன். எரிவதற்கு முன் அளந்து வைத்த வரைபடங்களும் எடுத்த படங்களும் இவ்வளவு முழுமையாக இருக்கும் கோட்டை ஜப்பானிலேயே அரிது. தச்சர்களுக்குத் தலைமுறைக்கு ஒருமுறை கிடைக்கும் வேலை. சட்டங்களை அறுத்து நடுவில் லிஃப்ட் குழியை விட்டால் அது பழைய கட்டுமானமே இல்லை.

---

தறிக்காரி | 23 நவம்பர் 2019

தம்பி, 1610 இல் அந்தக் கோட்டையைக் கட்டியவர்கள் அன்றைக்குத் தெரிந்த புது வித்தை எல்லாவற்றையும் அதில் இறக்கினார்கள். கால்வாய் வெட்டினார்கள், ஊரைப் பெயர்த்தார்கள். அசலுக்கு விரோதம் என்று யாரும் நிற்கவில்லை. இன்று கட்டுவது 1612 இல் முடிந்த கோட்டை இல்லை. 2020களின் கட்டிடம். தீயணைப்புக்குக் குழாய் விடுவார்கள்தானே? மின்விளக்கு போடுவார்கள்தானே? அவற்றுக்கு ஒத்துக்கொள்ளும் அசல், சக்கர நாற்காலிக்கு மட்டும் ஏன் ஒத்துக்கொள்ளாது?

---

செங்கல் | 23 நவம்பர் 2019

குழாய்க்கும் லிஃப்டுக்கும் அளவில் வித்தியாசம் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. யோசிக்கிறேன்.

---

சும்மாவந்தவன் | 23 நவம்பர் 2019

செங்கல் பதில் இல்லை என்று சொன்ன நாள் இது. யாராவது படம் பிடித்து வையுங்கள்.

சரி, நான் கொஞ்சம் நியாயமாகக் கேட்கிறேன். டிசைன் நகரம் பட்டமெல்லாம் வாங்கியும் அந்த ஊரை யாருக்கும் பிடிக்கவில்லையே? மாநகராட்சியே 2016 இல் எடுத்த கருத்துக் கணிப்பில், எட்டுப் பெரிய நகரங்களில் போய்ப் பார்க்க ஆசைப்படாத ஊர் என்று நகோயாதானே கடைசியில் வந்தது? செய்தியில் படித்துச் சிரித்தேன்.

---

கால்வாய்க்கரை | 23 நவம்பர் 2019

உண்மைதான். அந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள், அதற்காகவே எனக்கு இந்த ஊர் மேல் மரியாதை.

பட்டத்துக்கும் பிரியத்துக்கும் சம்பந்தமில்லை. சென்னைக்கு 2017 இல் அதே யுனெஸ்கோ இசை நகரம் என்ற பட்டம் கொடுத்தது. அதற்காக அண்ணா சாலையில் ஹார்ன் சத்தம் குறைந்ததா?

நகோயா பார்க்கிறவனுக்கான ஊர் இல்லை, இருக்கிறவனுக்கான ஊர். போருக்குப் பின் தபுச்சி ஜூரோ என்ற பொறியாளர் தலைமையில் 100 மீட்டர் அகலத்தில் சாலைகள் போட்டார்கள். அதற்காக ஊருக்குள் இருந்த சுமார் 280 கோயில்களின் கல்லறைகளை, ஏறக்குறைய 1 லட்சத்து 90 ஆயிரம், மொத்தமாகக் கிழக்கே ஒரு பூங்காவுக்கு மாற்றினார்கள். செத்தவர்களை நகர்த்தி வழி விட்ட ஊர் இது. அகலச் சாலை அழகாக இல்லை, சலிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நடைபாதையில் நான்கு பேர் சேர்ந்து நடக்கலாம்.

1996 இல் நாத்யா பார்க் என்ற கட்டிடத்தில் சர்வதேச டிசைன் மையம் திறந்தார்கள். கண்காட்சியின் நேரடி வாரிசு அதுதான். அதே கட்டிடத்தில் இருக்கும் பல்பொருள் கடைக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் மேலே மையம் இருப்பதைக் கவனிக்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். நானே முதல் மூன்று வருடம் குடை வாங்கத்தான் போயிருக்கிறேன்.

நாளை ஞாயிறு. கோட்டையில் தொடங்கி ஹோரிகாவா ஓரமாகவே துறைமுகம் வரை நடக்கலாம் என்று இருக்கிறேன். செங்கல்தான் காரணம், கால் வலித்தால் அவருக்குத் தான் பில் அனுப்புவேன்.

---

கால்வாய்க்கரை | 24 நவம்பர் 2019

நடந்தேன். துறைமுகம் வரை முடியவில்லை, ஷிரோதோரியோடு நிறுத்திக்கொண்டேன்.

கோட்டைக்குக் கீழே கால்வாய் குறுகல், தண்ணீர் கரும்பச்சை. பல இடத்தில் கட்டிடங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன, ஏசி எந்திரமும் சமையலறைக் குழாயும்தான் கால்வாயைப் பார்க்கின்றன. கரையோரமாகவே நடக்க முடியாமல் அடிக்கடி தெருவுக்கு ஏறி இறங்க வேண்டியிருந்தது. தெற்கே போகப் போகத் தண்ணீர் அகலமாகிறது. அட்சுதா நெருங்கும்போது முதல்முறையாக உப்பு வாசனை. பழைய தொக்காய்தோ நெடுஞ்சாலைக்காரர்கள் இந்தப் பக்கத்தில்தான் படகேறிக் கடல் வழியாகக் குவானாவுக்குப் போனார்கள். அந்தப் படகுத்துறையில் ஒரு விளக்குத் தூண் நிற்கிறது, இரண்டு முதியவர்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருவரிடம் டிசைன் ஹாக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். கண்காட்சியை விட்டுவிட்டு மரக்குளத்தைப் பற்றிச் சொன்னார். சிறு வயதில் மிதக்கும் தண்டுகள் மேல் ஓடி விளையாடுவார்களாம், அப்பா பிடித்தால் அடி. கண்காட்சிக்கு எத்தனை முறை போனீர்கள் என்றேன். ஒருமுறை, மனைவி கேட்டதால் என்றார். மீன் கடிக்கவும் அவர் கவனம் போய்விட்டது.

தோட்டத்துக்குப் போய் அந்தக் கிசோ ஆற்றையும் பார்த்தேன். மேப்பிள் சிவந்திருந்ததால் கல்யாணப் படம் எடுக்க மூன்று ஜோடி வரிசையில். இன்னமும் வரிசைதான்!

கடைசியாகக் குதிரை. மையத்தில் ஏதோ தேர்வு போலிருக்கிறது. பிள்ளைகள் பீடத்தைச் சுற்றி உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

---

நங்கூரம்58 | 24 நவம்பர் 2019

ஃபைபர் என்றால் உப்புக் காற்றுக்கு வெடிப்பு விடுமே. 30 வருடம் தாக்குப் பிடித்திருக்கிறது என்றால் நடுவில் பூச்சு வேலை செய்திருக்க வேண்டும். கிட்டப் போய்ப் பார்த்தீர்களா?

---

கால்வாய்க்கரை | 24 நவம்பர் 2019

பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்ததால் போகவில்லை ஐயா. வேலை நாளில் மதியம் டார்ச் எடுத்துப் போய் வயிற்றுப் பக்கம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

---

வக்கீல்குமாஸ்தா | 24 நவம்பர் 2019

பார்க்கும்போது அடியில் சொத்து எண் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.